ஐடா ஸ்கடர்: உயிரைக் கைவிடாத மருத்துவர்



ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தியிலும் அதற்கு மேலுள்ள சிற்றூர்களிலும் குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட்டால், வேலூரை நோக்கித்தான் ஓடவேண்டியிருக்கிறது. அந்த வேலூரை மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற ஊராக்கியவர் ஐடா ஸ்கடர். அவர் கத்தோலிக்கர் அல்லர். சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆயினும் அவரது வாழ்வு நமக்கும் பாடமே.

1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, அமெரிக்காவில் படித்தார். நோயுற்ற தாயைக் கவனிக்கவே திண்டிவனம் திரும்பினார். இங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் ஒரே இரவில் மூன்று குடும்பத்தார், பிரசவ வேதனையில் துடித்த மனைவியருக்கு உதவி கேட்டு வந்தனர். மருத்துவரான அவரது தந்தையை, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்தனர். அந்த இரவே அவரது அழைத்தல் ஆயிற்று.

1899-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1902-ல் மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. நோயாளர்களைத் தேடிக் கிராமங்களுக்கே சென்று, சாலையோரங்களில் மருத்துவம் பார்த்தார். 1960 மே மாதம் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

அன்று உதவி கிடைக்காததே துயரம். இன்றோ வேறொரு கேள்வி எழுகிறது. உள்ளங்கையளவு குழந்தைக்குச் செயற்கைச் சுவாசத்தை எதுவரை தொடர்வது? ஆடுமாடுகளை விற்றுவிட்டு வெளியே காத்திருக்கும் தகப்பனுக்கு என்ன பதில் சொல்வது?

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-ல் இதற்கு வழிகாட்டினார். இயல்பான சிகிச்சையைத் தருவது நம் கடமை. நோயாளருக்கோ குடும்பத்திற்கோ தாங்க முடியாத சுமையாகும் அசாதாரண சிகிச்சை கட்டாயம் அல்ல. பிழைக்க வழியில்லை என்று தெளிவானபின் கருவியை நிறுத்துவது கொலை ஆகாது. ஆனால் பெண் குழந்தை என்பதற்காகவோ, ஊனத்தோடு வாழும் என்பதற்காகவோ பிழைக்கக்கூடிய குழந்தைக்குச் சிகிச்சை மறுப்பது பாவம். சிகிச்சை நின்றாலும் பராமரிப்பு நிற்கக்கூடாது: உடல் சூடு, இயன்ற அளவு பால், வலி தணிக்கும் மருந்து, தாயின் மார்பு ஆகியவை இறுதிவரை அக்குழந்தைக்கு உரியவை. ஆபத்து வேளையில், பெற்றோர் விரும்பினால், திருச்சபையின் எண்ணத்தோடு யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம்.

அன்பார்ந்தவர்களே, இத்தகைய முடிவைப் பெற்றோர் தனியே சுமக்க விடலாமா? நம் பங்கில் ஒரு வீட்டில் இந்தத் துன்பம் வரும்போது மருத்துவமனை வாசலில் உடன் அமர்வோம், செலவில் பங்கேற்போம், செபிப்போம். நள்ளிரவில் கேட்ட அழைப்பை ஐடா வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. நம் கதவு தட்டப்படும்போது நாமும் திறப்போம்.