27 வயதில் தமிழ் படிக்கத் தொடங்கிய தனிநாயகம் அடிகளார்

தனிநாயகம் அடிகளார் என்றதும் உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகள்தான் நம்மவர்களுக்கு நினைவு வரும். ஆனால் தமிழ் இலக்கியத்தை அவர் முறையாகப் படிக்க உட்கார்ந்தபோது அவருக்கு வயது 27 ஆகியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்தார். தந்தை வழி நெடுந்தீவு. இளமையில் அவர் பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்நாளைய மிஷன் கல்லூரிகளில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஆங்கிலமே படிப்பு. தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடும். பிறகு கொழும்பில் குருமடம், 1934இல் உரோமாபுரி, 1938இல் குருப்பட்டம், இறையியலில் கலாநிதிப் பட்டம்.

இத்தனையும் கற்றுத் திரும்பியவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்தது. தன் சொந்த மொழியின் பழம்பாடல் ஒன்றை எடுத்து விளக்கத் தனக்குத் தெரியாது என்ற உண்மை அங்கேதான் அவரை உறுத்தியது. அதே பள்ளியின் தமிழ்ப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர், கலாநிதிப் பட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பிராமணப் பண்டிதர் முன் மாணாக்கராக இருந்தார். ஒரு மாதம், இரண்டு மாதமல்ல. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்.

அதுவும் போதாதென்று 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவரானார். வயது 32. தன்னிலும் இளையவர்களோடு வகுப்பறையில் இருந்து சங்க இலக்கியம் படித்தார். தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து, படிப்பு நடுவில் அறுந்து, பிறகு எங்கோ ஒரு நாட்டில் பிள்ளைகளின் வயதினரோடு மொழி வகுப்பில் இருந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சம் எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. போர் விரட்டியதால் நாங்கள் போய் இருந்தோம். அவரை யாரும் விரட்டவில்லை. ஆசைதான் கொண்டுபோய் இருத்தியது.

ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது சங்கப் பாடல்களில் இயற்கை. தாழையும் புன்னையும் கழியும் உப்பும் சூழ்ந்த கரையில் பிறந்தவருக்கு நெய்தல் திணை ஏட்டுப் பாடமாக மட்டும் இருந்திருக்காது என்றே எண்ணத் தோன்றுகிறது. கிரேக்க, இலத்தீன் கவிஞர்கள் இயற்கையைப் பாடிய விதத்தோடு சங்கப் புலவர்களை ஒப்பிட்டு எழுதினார். இளமையிலிருந்து தமிழ் மட்டுமே கற்ற பண்டிதருக்கு அந்த ஒப்பீடு எளிதில் கைவந்திருக்காது. அந்த ஆய்விலிருந்து பிறந்த ஆங்கில நூல், 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்று பொருள்படும் தலைப்போடு 1966இல் வெளிவந்தது.

இப்படி, முன்னர் கற்ற எதுவும் வீண்போகவில்லை. 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூல், 1578இல் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஆகியவற்றைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். புரோயென்சா பாதிரியார் தொகுத்து, 1679இல் அச்சான தமிழ் – போர்த்துக்கேய அகராதியை, வத்திக்கான் நூலகப் பிரதியைக் கொண்டு மீண்டும் பதிப்பித்தார். ஐரோப்பிய மொழிகளும் நூலகங்களும் பழக்கமில்லாதவரால் இதைச் செய்திருக்க முடியாது.

தமிழிலும் எழுதினார். 'தமிழ்த் தூது', பயண நூலான 'ஒன்றே உலகம்' இரண்டையும் வாசித்தவர்களுக்குத் தெரியும்: பண்டித நடையின் சுமை அவற்றில் இல்லை. நான் நினைப்பது, பிந்திக் கற்றதன் நன்மை அது. இதில் அவருக்கு முன்னோடியும் உண்டு. இத்தாலியரான வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வந்ததே 30 வயதில். அதன் பிறகு தமிழ் கற்றுத்தான் 'தேம்பாவணி' பாடினார்.

மீதியைப் பலரும் அறிவர். 1952இல் 'தமிழ்ப் பண்பாடு' ஆங்கில இதழ், அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி, 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியத் துறைத் தலைமை, 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. ஸ்தனிஸ்லாஸ் என்ற பெயரும் இதற்கிடையில் தனிநாயகம் ஆகிவிட்டது. நெடுந்தீவில் குடியேறியவராக யாழ்ப்பாணத்துப் பழைய வரலாறுகள் சொல்லும் தனிநாயக முதலியின் பெயர் அது.

நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. நிறைவு நாளான 10ஆம் திகதி இரவு பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்ததும், உயிர்கள் போனதும் எங்கள் ஊர் மறவாத கதை. மொழியை ஆசையாகத் தேடிப்போய்க் கற்ற மனிதர், அந்த மொழிக்காகக் கூடியவர்கள் சாவதையும் தன் ஊரிலேயே காண நேர்ந்தது.

1980 செப்டெம்பர் 1ஆம் திகதி, 67ஆவது வயதில் அடிகளார் காலமானார். ஐயரிடம் அவர் பாடம் கேட்கத் தொடங்கி அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.