பசித்த பிள்ளைகளுக்காகப் பிறந்த கால்பந்து கிளப்: யார் இந்த பிரதர் வால்ஃப்ரிட்?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக் பார்க் மைதானம் இருக்கிறது. சுமார் 60,000 பேர் உட்கார்ந்து மேட்ச் பார்க்கலாம். அதன் வாசலில் ஒரு சிலை. கோல் அடித்த வீரரோ கோப்பை வாங்கித் தந்த கோச்சோ இல்லை. நீண்ட அங்கி போட்ட ஒரு ஸ்கூல் வாத்தியார். பெயர் பிரதர் வால்ஃப்ரிட்.

இவர் கிளப் ஆரம்பித்ததே கோப்பைக்காக அல்ல, பசங்களுக்கு மதியச் சாப்பாடு போடத்தான். அந்தத் திட்டம் எப்படி வேலை செய்தது? பிறகு ஏன் தடம் மாறியது?

பஞ்சத்தில் தொடங்கிய வாழ்க்கை

வால்ஃப்ரிட்டின் இயற்பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். 1840-ல் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில், பாலிமோட் என்ற ஊரில் பிறந்தார். அவருக்கு 5 வயதானபோது, 1845-ல், உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுதான் அன்றாடச் சாப்பாடு. அடுத்த சில வருடங்களில் பசியாலும் நோயாலும் சுமார் 10 லட்சம் பேர் செத்துப்போனார்கள். இன்னொரு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறிப் பிழைக்கப் போனார்கள்.

கெரின்ஸும் பதின்ம வயதிலேயே கிளாஸ்கோவுக்கு வந்துசேர்ந்தார். 1864-ல் மாரிஸ்ட் சகோதரர்கள் என்ற கத்தோலிக்க ஆசிரியர் சபையில் சேர்ந்தார். பயிற்சி பிரான்ஸில். அங்கேதான் வால்ஃப்ரிட் என்ற பெயரும் கிடைத்தது. திரும்பி வந்து, கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வாத்தியார் வேலை பார்த்தார். 1874-ல் பிரிட்ஜ்டன் பகுதியில் இருந்த சேக்ரட் ஹார்ட் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார்.

வகுப்பில் உட்கார்ந்திருந்த பசி

அப்போது கிளாஸ்கோ, தொழிற்சாலைகளாலும் கப்பல் கட்டும் தளங்களாலும் பணம் கொழித்த நகரம். ஆனா கிழக்குப் பகுதி வேற உலகம். ஒரே அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கும். வேலை நிரந்தரமில்லை. அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் என்பதால் ஒதுக்கலும் உண்டு.

1872 கல்விச் சட்டம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே ஆகணும் என்றது. ஆனால் சாப்பாட்டுக்கு வழி சொல்லவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளோ அரசுப் பள்ளி அமைப்புக்கு வெளியே இருந்தன. உள்ளூர் வரிப்பணம் அவர்களுக்கு வராது.

வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது. 1880-களின் நடுவில் வால்ஃப்ரிட்டும் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் பிரதர் டொரோதியஸும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு பென்னி கொடுத்தால் சூடான மதிய உணவு. வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்தால் அரை பென்னிக்கு ஒரு கிண்ணம் சூப். முழுக்க இலவசம் என்று வைக்காததால், வாங்கிச் சாப்பிடும் குடும்பத்துக்கும் கூச்சம் இல்லை.

இதில் மத அக்கறையும் இருந்தது. வேறு சபைகள் நடத்தும் கஞ்சித்தொட்டிகளுக்குப் போனால் பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்களோ என்ற பயம் கத்தோலிக்கர்களிடம் இருந்தது. வால்ஃப்ரிட்டும் அதற்கு விலக்கல்ல.

கால்பந்து எங்கே உள்ளே வந்தது?

பிரச்சினை காசுதான். நன்கொடை இன்று வரும், நாளை நிற்கும். சாப்பாடு தினமும் வேணும்.

அப்போது ஸ்காட்லாந்தில் கால்பந்து மோகம் பரவிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கிடைத்த தொழிலாளர்கள் மேட்ச் பார்க்க டிக்கெட் வாங்கத் தயாராக இருந்தார்கள். எடின்பரோவில் ஐரிஷ் கத்தோலிக்க இளைஞர்களுக்காக 1875-ல் உருவான ஹைபர்னியன் கிளப், ஆட்ட வருமானத்தில் தர்ம காரியங்களுக்கும் உதவியது. அந்த அணியை கிளாஸ்கோவுக்கு அழைத்து மேட்ச் நடத்தியபோது கூட்டம் வந்தது, காசும் வந்தது. 1887-ல் ஹைபர்னியன் ஸ்காட்டிஷ் கோப்பையை ஜெயித்தது. நாமே ஒரு அணி வைத்தால் என்ன என்ற யோசனை வலுத்தது.

1887 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. கால்டன் பகுதியில் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தின் அரங்கில் கூட்டம் நடந்தது. சிலர் கிளாஸ்கோ ஹைபர்னியன் என்று பெயர் வைக்கச் சொன்னார்கள். வால்ஃப்ரிட் தேர்ந்தெடுத்தது செல்டிக். அயர்லாந்து, ஸ்காட்லாந்து இரண்டுக்குமே பொதுவான வேர் அந்தப் பெயரில் இருக்கிறது. வந்த ஊரையும் வாழும் ஊரையும் ஒரே சொல்லில் சேர்த்தார்.

பார்க்ஹெட் பகுதியில் காலி நிலத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அந்தப் பகுதி ஜனங்களே வேலைக்கு இறங்கி, சில மாதங்களில் மைதானத்தைத் தயார் செய்தார்கள். 1888 மே 28-ல் முதல் மேட்ச். எதிரணி ரேஞ்சர்ஸ். செல்டிக் 5-2 என்று ஜெயித்தது. டிக்கெட் காசில் ஒரு பங்கு சாப்பாட்டு மேஜைக்குப் போனது.

கணக்கு எளிமையானது. தொழிலாளி சனிக்கிழமை கொடுத்த சில்லறை, அவர் தெருப் பிள்ளைக்கு அடுத்த வாரம் சூப் ஆனது. ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு, ஊரே பேசும் ஓர் அணியும் கிடைத்தது.

வெற்றிக்குக் கொடுத்த விலை

கூட்டம் வரணும்னா அணி ஜெயிக்கணும். ஜெயிக்கணும்னா நல்ல வீரர்கள் வேணும். இங்கேதான் சிக்கல். செல்டிக் தொடங்கிய சில மாதங்களிலேயே ஹைபர்னியனின் முக்கிய வீரர்கள் பலர் இங்கே வந்துவிட்டார்கள். முன்மாதிரியாக இருந்த கிளப்பே ஆட்டம் கண்டது. 1891-ல் ஹைபர்னியன் கொஞ்ச காலம் ஆடுவதையே நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1892-ல் செல்டிக் முதல்முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அதே வருடம் சபை வால்ஃப்ரிட்டை லண்டனுக்கு மாற்றியது. 1893-ல் ஸ்காட்லாந்தில் வீரர்களுக்குச் சம்பளம் தருவது சட்டபூர்வமானது. 1897-ல் செல்டிக் லிமிடெட் கம்பெனி ஆனது. தர்ம நோக்கம் கைநழுவுகிறது என்று உள்ளேயே எதிர்ப்பு எழுந்தும் பயனில்லை. பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு போனது. பசங்களுக்குச் சாப்பாடு போடுவது கிளப்பின் முதல் வேலை என்ற நிலை மாறிவிட்டது.

வால்ஃப்ரிட் இதற்காகக் கிளப்போடு பகிரங்கமாக மோதவில்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில், பெத்னல் கிரீன், போ போன்ற ஏழைக் குடியிருப்புகளில், செருப்புகூட இல்லாத பசங்களுக்குக் கால்பந்து ஆட்டங்கள் நடத்தினார். கோப்பையோ பெரிய மைதானமோ அங்கே இல்லை. கடைசிக் காலத்தில் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் ஊருக்குத் திரும்பி, 1915 ஏப்ரல் 17-ல் காலமானார். கல்லறையும் அங்கேதான்.

எது நின்றது, எது நிற்கவில்லை?

1967-ல் செல்டிக், ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் கிளப் ஆனது. அந்த அணியின் அத்தனை பேரும் கிளாஸ்கோவிலிருந்து சுமார் 30 மைலுக்குள் பிறந்தவர்கள். ஓரங்கட்டப்பட்ட தெருக்களுக்குச் சொந்தமாக ஓர் அடையாளம் கொடுத்த விதத்தில் அந்தத் திட்டம் நின்றுவிட்டது.

ஆனால் சாப்பாட்டு மேஜை நிற்கவில்லை. காரணம் ரொம்ப சாதாரணம். அது ஒருவருடைய நல்ல மனசை நம்பியிருந்தது. வருமானத்தில் இவ்வளவு பங்கு பிள்ளைகளுக்கு என்று மாற்ற முடியாத விதி எதுவும் இல்லை. அவர் ஊர் மாறியதும் முன்னுரிமையும் மாறியது. சுமார் 100 வருடம் கழித்து, 1990-களில்தான் கிளப் தனக்கென்று தர்ம நிதி அமைப்பு ஒன்றை உருவாக்கியது. வாசலில் சிலை வந்தது 2005-ல்.

இன்றும் ஏழைப் பகுதிகளில் விளையாட்டு வழியாக வேலை செய்ய நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: அணி ஜெயித்து, காசு வரத் தொடங்கி, ஆரம்பித்தவர் போன பிறகும், அந்தப் பிள்ளையின் தட்டு நிறையுமா? அதற்கான பதிலை முதல் மேட்சுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.