பழைய ரோலெக்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

ரோலெக்ஸ் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது விக்ரம் படத்தின் கடைசியில் வரும் சூர்யாதான். 2022-ல் அந்தப் படத்துக்காக கமல்ஹாசன் தன் ரோலெக்ஸ் வாட்சை சூர்யாவுக்குப் பரிசளித்ததும் செய்தியானது. இன்று ஆன்லைனில் தேடினால் பழைய ரோலெக்ஸ், டியூடர், ஹெச்எம்டி என்று வரிசையாக வந்து நிற்கின்றன. எது அசல், எது ஒட்டுப்போட்டது? இந்தக் கேள்விக்குப் பாதி பதில், ரோலெக்ஸை உருவாக்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபின் வாழ்க்கையிலேயே இருக்கு.

யார் இவர்?

1881 மார்ச் 22-ல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் உள்ள குல்ம்பாக் ஊரில் பிறந்தவர். குடும்பத்துக்கு இரும்புச் சாமான் வியாபாரம். 12 வயதில் அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். உறவினர்கள் கடையை விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

விடுதிப் பள்ளியில் கற்ற ஆங்கிலம்தான் சோறு போட்டது. 1900-ல் சுவிட்சர்லாந்தின் லா ஷோ-ட-ஃபோன் நகரில், கடிகார ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலை கிடைத்தது. கூடவே இன்னொரு வேலை: தினமும் நூற்றுக்கணக்கான பாக்கெட் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்து, நேரம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது. வில்ஸ்டார்ஃப் கடிகாரம் செய்யத் தெரிந்தவர் அல்ல, வியாபாரி. ஆனால் சோதிக்காமல் எந்தக் கடிகாரத்தையும் நம்பக் கூடாது என்பதை அங்கேயே பழகிக்கொண்டார்.

டயலில் பெயர் இல்லாத ரோலெக்ஸ்

1905-ல் லண்டனில், உறவினர் ஆல்ஃப்ரெட் டேவிஸுடன் சேர்ந்து வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பீல் நகரின் ஏக்லர் தொழிற்சாலையிலிருந்து உள் மெஷினை வரவழைத்து, கேஸில் பொருத்தி, நகைக்கடைகளுக்கு விற்றார். கைக்கடிகாரத்தைப் பெண்களின் அலங்காரப் பொருளாகவே ஆண்கள் பார்த்த காலம் அது.

1908-ல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். சின்னப் பெயர், எந்த மொழிக்காரரும் சொல்லலாம், டயலில் அழகாக அடங்கும். ஆனால் லண்டன் கடைக்காரர்களோ டயலில் தங்கள் கடைப் பெயர்தான் இருக்கணும் என்றார்கள். வில்ஸ்டார்ஃப் சண்டை போடவில்லை. முதலில் ஆறு வாட்சுக்கு ஒன்றில் மட்டும் ரோலெக்ஸ் என்று போட்டு அனுப்பினார். பிறகு இரண்டு, மூன்று. எல்லா வாட்சிலும் அந்தப் பெயர் வர 1920-களின் பின்பகுதி ஆகிவிட்டது.

வாங்குபவருக்கு இதில் பெரிய பாடம் உண்டு. 1910-களின் அசல் வாட்சுகள் பலவற்றின் டயலில் பெயரே இருக்காது, அல்லது கடைப் பெயர் இருக்கும். பின்மூடியின் உட்புறம் பார்த்தால் நிறுவனத்தின் முத்திரை தெரியும். அந்தக் காலத்து வாட்சில் பெரிய எழுத்தில், பளபளவென்று பெயர் இருந்தால் முதல் சந்தேகம் டயல் மேல்தான் வரணும்.

45 நாள் பரீட்சை

கைக்கடிகாரம் துல்லியமாக ஓடாது என்ற பேச்சை உடைக்க அவர் சான்றிதழ் தேடிப் போனார். 1914 ஜூலையில் லண்டன் க்யூ ஆய்வகம் ஒரு சின்ன ரோலெக்ஸ் கைக்கடிகாரத்துக்கு 'ஏ' வகுப்புச் சான்று கொடுத்தது. 45 நாள், ஐந்து நிலைகள், மூன்று வெப்பநிலைகளில் நடந்த சோதனை அது.

இதை நீங்களும் சின்ன அளவில் செய்யலாம். டயல் மேலே, டயல் கீழே, சாவி மேலே, சாவி கீழே என்று வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஒரு நாள் ஓடவிட்டு போன் நேரத்தோடு ஒப்பிடுங்க. ஓரிரு நிமிட வித்தியாசம் சர்வீஸில் சரியாகலாம். ஒரு நிலையில் ஓடி, இன்னொரு நிலையில் நின்றே போனால் உள்ளே பிரச்சினை பெருசு.

அசல் நீச்சலும் பொய் நீச்சலும்

முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயருக்கு பிரிட்டனில் மரியாதை போனது. இறக்குமதிக்கு 33 சதவீத வரியும் வந்தது. நிறுவனம் ரோலெக்ஸ் என்று முழுசாகப் பெயர் மாறி, 1919-ல் ஜெனீவாவுக்கு இடம்பெயர்ந்தது.

1926-ல் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கேஸ் வந்தது. பின்மூடி, சாவி எல்லாமே திருகி மூடும் அமைப்பு. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெர்சிடஸ் கிளைட்ஸ் என்ற பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். சில நாளிலேயே இன்னொரு பெண் தானும் கடந்ததாகச் சொல்லி, பிறகு அது பொய் என்று ஒப்புக்கொண்டார். அதனால் கிளைட்ஸின் சாதனை மேலும் சந்தேகம் விழ, அவர் மறுபடி நீந்த வேண்டியதாயிற்று. அந்த நீச்சலுக்குத்தான் வில்ஸ்டார்ஃப் ஓர் ஆய்ஸ்டரைக் கொடுத்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த நீரில் போராடியும் அவரால் கரை சேர முடியவில்லை. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நவம்பரில் டெய்லி மெயில் நாளிதழின் முதல் பக்கம் முழுக்க ரோலெக்ஸ் விளம்பரம்!

ஆனால் அன்று தண்ணீரைத் தாங்கியது இன்றும் தாங்கும் என்று நினைக்காதீங்க. பழைய வாட்சின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும், சாவியின் திருகு தேய்ந்திருக்கும். கண்ணாடிக்குள் ஆவி படிந்தாலோ, முள்ளின் அடியில் துரு தெரிந்தாலோ தண்ணீர் உள்ளே போய் வந்திருக்கு என்று அர்த்தம்.

கடிதம் சொன்ன சாட்சி

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் முகாம்களில் கைதியாக இருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு வில்ஸ்டார்ஃப் கடனுக்கு வாட்ச் அனுப்பினார். பணத்தைப் போர் முடிந்து கொடுத்தால் போதும். அப்படி 1943-ல் கிளைவ் நட்டிங் என்ற கைதி வாங்கிய வாட்ச், கடிதங்களோடு சேர்ந்து 2007-ல் ஏலத்துக்கு வந்தது. அந்தக் கடிதங்கள்தான் அதைத் தனித்துக் காட்டின. பில், கேரண்டி அட்டை, பழைய புகைப்படம் எல்லாம் வாட்சின் பாதி மதிப்பு மாதிரி. கதை மட்டும் சொல்லி காகிதம் காட்டாதவரிடம், கதைக்குக் காசு கொடுக்காதீங்க.

1944-ல் மனைவி ஃப்ளாரன்ஸ் இறந்தார். குழந்தைகள் இல்லை. வில்ஸ்டார்ஃப் தொடங்கிய அறக்கட்டளையிடம்தான் இன்றும் ரோலெக்ஸ் இருக்கிறது. 1960 ஜூலை 6-ல் ஜெனீவாவில் காலமானார்.

சரி, எங்கே பார்க்கணும்?

எந்தப் பெயரை டயலில் ஏற்ற அவர் இருபது வருடம் பாடுபட்டாரோ, இன்று போலி செய்ய சுலபமானது அந்தப் பெயர்தான். திண்டுக்கல் நாகல் நகர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு ஊர் இது. மேலே எந்தப் பெயரை வேணும்னாலும் அடிக்கலாம், பூட்டின் நிஜம் உள்ளே உள்ள லீவரில்தான். வாட்சும் அப்படித்தான்.

எண்: 1950, 60-களின் ஆய்ஸ்டரில் பட்டையைக் கழற்றினால், 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் தெரியும். தேய்ந்து மறைந்திருந்தாலோ, புதுசாகக் கொத்தியது போல இருந்தாலோ உஷார்.

ஒளிரும் பூச்சு: 1960-களின் தொடக்கம் வரை ரேடியம், பிறகு டிரிட்டியம். டார்ச் அடித்து இருட்டில் பார்க்கும்போது, 60 வருட வாட்ச் நீண்ட நேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால் பூச்சு புதுசு. ரேடியம் டயலை வீட்டில் திறந்து சுரண்டாதீங்க, அந்தத் தூள் ஆபத்து.

கேஸ்: விளிம்புகள் கூர்மையாக இருக்கணும். சோப்புக்கட்டி போல வழவழவென்று உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்காங்க.

மெஷின்: நம்பகமான மெக்கானிக் முன்னால் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க.

பட்ஜெட் ஹெச்எம்டி-தான் என்றாலும் இதே விதி. ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961-ல் பெங்களூருவில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கிய நிறுவனம் அது. வாட்ச் பிரிவை மூடும் முடிவு 2016-ல் வந்தது. ஆன்லைனில் பச்சை, ஆரஞ்சு, ஊதா டயலோடு புத்தம் புதுசாக மின்னும் பழைய ஹெச்எம்டி பெரும்பாலும் புது டயலில் பழைய மெஷினைப் பொருத்தியதுதான். கட்டிக்கொள்ள வாங்கலாம், அசல் விலை கொடுக்கக் கூடாது.

விற்பவர் மூடியைத் திறக்க மறுத்தால்? பேரம் பேசாதீங்க, கிளம்பிடுங்க.