ஹாரி பக்கும் நம்ம வாலிபால் கோர்ட்டும்

மலர்க் குழு நண்பர்கள் போன் போட்டு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்றபோது, பாலம் கட்டுகிறவனிடம் வந்து கட்டுரை கேட்கிறார்களே என்று சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நாலு வருஷப் படிப்பில் எனக்கு நிஜமாக ஒட்டிக்கொண்டது ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த அந்த வாலிபால் கோர்ட்தான். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஓர் அமெரிக்கரைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. ஹாரி குரோ பக். அண்ணன்மார்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். தம்பிகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

பக் 1884-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். 1891-ல் பாஸ்கெட்பால் பிறந்தது அங்கேதான். நாலு வருஷம் கழித்துப் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வாலிபால் பிறந்தது. அந்த வாசனையோடு வளர்ந்த மனுஷர் 1919-ல் மதராஸ் வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு நம் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு என்றால் டிரில். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்தான் பெரும்பாலும் டிரில் மாஸ்டர். வரிசையில் நில், கையைத் தூக்கு, இறக்கு, கலைந்து போ. அவ்வளவுதான். இதில் பையன்களுக்கு என்ன சந்தோஷம் இருந்திருக்கும்? 1920-ல் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் பக் ஓர் உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஐந்தே பேர். அதுதான் வளர்ந்து, சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக்குப் போய், இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி என்று எல்லோருக்கும் தெரிந்த இடமாக நிற்கிறது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்தியத் தடகள வீரர்களுக்கு பக்தான் பயிற்சியாளர். பதக்கம் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு நோரன் என்ற இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. காரரோடு ஊர் ஊராகச் சுற்றி, மாகாணங்களில் விளையாட்டுச் சங்கங்கள் அமைக்க உதவினார். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதில் இவர்கள் பங்கு பெரிது. எல்லாரும் பக்கை இதற்காகத்தான் பாராட்டுவார்கள். என் கணக்கில் அவர் செய்த பெரிய காரியம் வேறு. விளையாட்டு ஜெயிக்கிறவனுக்கு மட்டும் உரியது இல்லை, ஓரமாக நிற்கிறவனுக்கும் சேர்த்துத்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பயிற்சிக்கு வந்த மாணவர்களையே விளையாட்டுகளை நடத்த வைத்தார். நம்ம சடுகுடுவையும் ஒதுக்கவில்லை. அவரிடம் தேறியவர்கள் ஊர் ஊராகப் பள்ளி, கல்லூரி மைதானங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பக் 1943-ல் மதராசிலேயே காலமானார்.

இனி என் கதை. கொஞ்சம் வெட்கக் கதை.

வாலிபால் கிளப்பை நாங்களேதான் நடத்தினோம். நெட், பந்து, சுண்ணாம்பு எல்லாம் ஆளுக்கு மாசம் பத்து ரூபாய் போட்டு வாங்கியது. இரண்டாம் வருஷம் நான் செக்ரட்டரி. செக்ரட்டரி ஆனதும் நான் செய்த முதல் வேலை, பன்னிரண்டு பேர் பட்டியல் ஒன்று எழுதி ஒட்டியது. எல்லோரும் ஹாஸ்டல்காரர்கள். மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடலாம்! வாலிபாலில் ஆறு பேரும் இடம் மாறி மாறித்தான் ஆட வேண்டும், அதுதான் ரொட்டேஷன். அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு நாங்கள் யாருக்கும் இடம் விடவில்லை.

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு முதல் வருஷப் பையன் வந்துகொண்டிருந்தான். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வருகிற டே ஸ்காலர். கிட்டத்தட்ட மூன்று மாசம் பெஞ்சுப் பக்கமாகவே நின்று பார்த்தான். நான் ஒருநாளும் கூப்பிடவில்லை, பேர்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது செமஸ்டரில் அவன் வருவது நின்றுவிட்டது. படிப்பை விட்டுவிட்டான் என்றார்கள். பணக் கஷ்டமா, பாடக் கஷ்டமா, தெரியாது. கடற்கரையில் அவன் ஆடினால் ஊரே கூடி நின்று பார்க்கும் என்பது மட்டும் அப்புறமாகத் தெரிந்தது.

எங்கள் பி.டி. சார் நந்தனத்தில் படித்தவர். என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவர் திட்டவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, அந்த ஐந்து பேர் கதையைச் சொன்னார். பக் பெயரை நான் கேட்டது அன்றுதான். அந்த ஐந்து பேரில் யாரையாவது பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தாலே தேவலை.

மறுநாள் பட்டியலைக் கிழித்தோம். டே ஸ்காலர்களுக்காகக் காலை ஏழரைக்கும் ஆட்டம் வைத்தோம். பதினைந்து பாயின்ட் ஆனதும் தோற்ற டீம் வெளியே, நிற்கிறவர்கள் உள்ளே. ஆட்டத்தின் தரம் படுபாதாளத்துக்குப் போனது, அந்த வருஷம் இன்டர்-காலேஜ் முதல் ரவுண்டிலேயே மண்ணைக் கவ்வினோம். செட்டர் அண்ணா ஒருவர் என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. ஆனால் சிவிலும் மெக்கானிக்கலும் ஒரே பெஞ்சில் உட்கார ஆரம்பித்தன. அரியர் வைத்தவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க கோர்ட்டிலேயே ஆள் கிடைத்தது. நோட்டில் எழுதி வைத்த போன் நம்பர்கள் அறுபதைத் தாண்டின. 2015 டிசம்பர் வெள்ளத்தில், வேலைக்குப் போய் ஆளுக்கொரு திசையில் இருந்த நாங்கள் அந்த நோட்டை வைத்துத்தான் யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று தேடினோம். அரிசி மூட்டை தூக்கியவர்களில் பாதிப் பேர் பந்தை ஒழுங்காக சர்வீஸ் போடத் தெரியாதவர்கள்.

அந்தக் குப்பத்துத் தம்பியைத் தேடி ஒருமுறை போனேன். கடலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். திரும்பி வந்துவிட்டேன். காத்திருந்திருக்கலாம்.

ரீயூனியன் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, மாமல்லபுரம் கடற்கரையில் படகுகள் நிற்கிற இடத்தைத் தாண்டி நெட் கட்டுகிறோம். குப்பத்துப் பையன்களையும் ஆடக் கூப்பிட்டிருக்கிறேன். நெட் என்னிடம் இருக்கிறது. பந்து மட்டும் யாராவது கொண்டுவாருங்கள்.