மறக்கப்பட்ட காரும் மறக்கக்கூடாத மனிதரும்



கார் என்றதும் நம்ம ஹாஸ்டல் சுவர்களில் இடம் பிடிப்பது ஃபெராரியும் போர்ஷேயும்தான். ஆனால் ரோட்டில் இறங்கிப் பாருங்கள். குட்டி மூக்கு, பின்னால் கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் கதவு... அதுதான் ஹேட்ச்பேக்! 1983-ல் வந்த மாருதி 800 முதல், 1998-ல் நம்ம இருங்காட்டுக்கோட்டையில் உருவான சான்ட்ரோ வரை எதன் பானட்டைத் திறந்தாலும் ஒரே காட்சி. இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும். அதன் ஓரத்தில் கியர்பாக்ஸ் ஒட்டியிருக்கும். இந்த ஏற்பாட்டுக்காக உழைத்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் தாந்தே ஜியகோசா.

1905 ஜனவரி 3-ல் ரோம் நகரில் பிறந்தார். படித்தது எங்கே தெரியுமா? டூரின் பாலிடெக்னிக்! நம்முடையது போல டிப்ளமோ இல்லை, பட்டப்படிப்புதான். ஆனாலும் பெயர்ப் பொருத்தம் நமக்குப் பெருமைதானே! 1927-ல் படிப்பை முடித்தவர், அடுத்த ஆண்டே ஃபியட் கம்பெனியில் சேர்ந்தார்.

சாதாரண மனிதன் வாங்கக்கூடிய ஒரு சின்னக் கார் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. அந்தப் பொறுப்பு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1936-ல் ஃபியட் 500 வெளிவந்தது. 569 சி.சி., நாலு சிலிண்டர், வெறும் 13 குதிரைத் திறன். இன்ஜினை முன் அச்சுக்கும் முன்னால் தள்ளி, ரேடியேட்டரை அதன் பின்னால் வைத்து இடத்தை மிச்சம் பிடித்தார். மக்கள் அதற்குச் செல்லமாக வைத்த பெயர் டோப்போலினோ. அதாவது சுண்டெலி!

போருக்குப் பிறகு இத்தாலியைச் சக்கரத்தில் ஏற்றியதும் இவர்தான். 1955-ல் ஃபியட் 600 வந்தது. 1956-ல் அதிலிருந்தே ஆறு பேர் உட்காரும் மல்டிப்ளா. 1957-ல் மூன்று மீட்டர் நீளம்கூட இல்லாத புதிய 500. அவர் தலைமையில் 1953-ல் பிறந்த ஃபியட் 1100 நமக்கும் சொந்தம். அதன் வழியில் பம்பாயில் தயாரானதுதான் பிரீமியர் பத்மினி! 2023 அக்டோபரில் மும்பை டாக்ஸி வரிசையிலிருந்து விடைபெற்ற அதே வண்டிதான்.

ஆனால் ஜியகோசாவின் மனதில் நெடுநாளாக இருந்தது வேறு: முன்சக்கர டிரைவ். இன்ஜின் சக்தி முன்சக்கரத்துக்கே போய்விட்டால், காரின் நடுவே நீண்ட ஷாஃப்ட் தேவையில்லை. தரை மேடில்லாமல் இருக்கும், பின்னால் சாமான் வைக்க இடம் கிடைக்கும். கம்பெனிக்கோ அந்தப் பேச்சே கசப்பு. 1930-களின் தொடக்கத்தில் சோதனைக்கு ஓட்டிய முன்சக்கர டிரைவ் கார் ஒன்று தீப்பிடித்ததாம். அதற்குள் இருந்தவர் ஃபியட் நிறுவனர் ஆக்னெல்லியே என்று சொல்வார்கள். பயம் இருக்காதா பின்னே?

1959-ல் இங்கிலாந்தில் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி வந்தது. அவர் இன்ஜினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில். ஜியகோசா வேறு வழி பிடித்தார். கியர்பாக்ஸை இன்ஜினின் பக்கவாட்டில், கிராங்க் ஷாஃப்டின் நேர்க்கோட்டில் வைத்தார். இன்ஜினுக்குத் தனி ஆயில், கியருக்குத் தனி ஆயில். இதில் ஒரு சிக்கல் உண்டு. டிரைவ் ஷாஃப்டுகளில் ஒன்று நீளம், மற்றொன்று குட்டை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கக்கூடும்.

சின்ன டூ-ஸ்ட்ரோக் கார்களில் இன்ஜினைக் குறுக்கே வைத்த பழக்கம் முன்பே இருந்தது. ஆனால் முழு அளவு நாலு சிலிண்டர் இன்ஜினோடு இது தேறுமா? ஃபியட் நேரடியாக ரிஸ்க் எடுக்கவில்லை. தன் துணை நிறுவனமான ஆட்டோபியாங்கியின் பெயரில் 1964-ல் வெளியிட்டது. கெட்டுப்போனால் ஃபியட் பெயர் கெடாது பாருங்கள்! அதுதான் பிரிமுலா. உள்ளே இருந்தது 1100டி-யின் 1221 சி.சி. இன்ஜின். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின்னால் தூக்கித் திறக்கும் கதவு. அந்தக் காலத்துக்கு இதெல்லாம் அதிகம்தான்.

1965-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் போட்டியில் பிரிமுலாவுக்கு இரண்டாம் இடம். முதலிடம் ஆஸ்டின் 1800-க்கு. அது இஸிகோனிஸின் கார். கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில்! 1970-ல் பிரிமுலா நின்றபோது மொத்தம் சுமார் 75,000 கார்களே தயாராகியிருந்தன. இன்று இத்தாலிக்கு வெளியே அந்தப் பெயரைக் கேட்டால் பூ என்பார்கள், கார் என்று சொல்பவர் குறைவு.

கதை அங்கே முடியவில்லை. பிரிமுலாவில் கற்ற பாடத்தை வைத்து 1969-ல் ஃபியட் 128 வந்தது. 1970-க்கான சிறந்த கார் பரிசை வென்றது. 1971-ல் வந்த 127, 1972-க்கான பரிசை அடித்தது. 1974-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் வந்ததும் இதே ஏற்பாட்டில்தான். போட்டியில் ஜெயித்த ஆஸ்டினின் அமைப்பு மெல்ல மெல்ல மறைந்தது. தோற்ற பிரிமுலாவின் அமைப்பு உலகம் முழுக்கப் பரவியது!

1970-ல் ஓய்வு பெற்ற ஜியகோசா, 1996 மார்ச் 31-ல் டூரினில் மறைந்தார். வயது 91.

தோழர்களே, அடுத்த முறை ஆட்டோமொபைல் லேபில் ஒரு ஹேட்ச்பேக்கின் பானட்டைத் திறக்கும்போது, இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளையும் அளந்து பாருங்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டையாக இருந்தால், இரண்டாம் பரிசு வாங்கிய அந்தக் காரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நம்ம புராஜெக்டுக்கு மார்க் குறைந்தால் வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பத்திரமாக வையுங்கள். அது வேலை செய்யும் என்றால், அதற்கும் ஒரு 128 வரும்!