அட்டாரா கச்சேரி கட்டிய ஆற்காட்டார்

பெங்களூர் கப்பன் பூங்கா ஓரத்தில், விதான சவுதாவுக்கு எதிரே, செக்கச் செவேலென்று நீண்டு நிற்கும் மாளிகையைப் பார்க்காத பெங்களூர்த் தமிழர் இருக்க முடியாது. கர்நாடக ஐகோர்ட்டு நடக்கும் "அட்டாரா கச்சேரி" அதுதான். அதைக் கட்டி முடித்த காண்டிராக்டர் ஒரு தமிழர். பெயர், ஆற்காடு நாராயணசாமி முதலியார்.

வியாபாரி

முதலியார் 1827-ம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்தார். பெங்களூர் கண்டோன்மெண்டில் வியாபாரம் செய்து படிப்படியாக முன்னுக்கு வந்தார். காண்டிராக்டு வேலைகளையும் எடுத்து நடத்தினார்.

அப்போது மைசூர் ராஜ்யம் வெள்ளைக்காரக் கமிஷனரின் ஆட்சியில் இருந்தது. கோட்டையில் இருந்த திப்பு சுல்தானின் மர அரண்மனையில்தான் அரசு அலுவலகங்கள் இயங்கின. அது போதாமல் போகவே, புது மாளிகை எழுப்ப முடிவாயிற்று. அந்த வேலை முதலியார் கைக்கு வந்தது.

1864-ல் தொடங்கிய வேலை 1868-ல் முடிந்தது. 18 இலாகாக்கள் அங்கே குடியேறின. "அட்டாரா" என்றால் பதினெட்டு. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடம்

சம்பாதித்த பணத்தை முதலியார் பூட்டி வைக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்காக 1873-ல் பள்ளிக்கூடம் தொடங்கினார். அரசு அவருக்கு "ராய் பகதூர்" பட்டம் அளித்தது. 1910-ல் அவர் காலமானார். அல்சூர் ஏரிக்கு அருகே உள்ள ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிறுவனங்களின் பெயரில் முன்னால் நிற்கும் எழுத்துகள், அவருடைய பட்டமும் பெயரும்தான்.

இடிக்க வந்த திட்டம்

1956-ல் விதான சவுதா எழுந்தது. அலுவலகங்கள் அங்கே மாறின. 1970-களில் மகாத்மா காந்தி ரோட்டில் 25 மாடிக் கட்டடம் உயர்ந்தது. நகரத்தின் நடுவே நிலத்தின் விலை ஏற ஏற, பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அட்டாரா கச்சேரிக்கும் ஆபத்து வந்தது. அதை இடித்துவிட 1982-ல் திட்டமிட்டார்கள். பொதுமக்களில் சிலர் எதிர்த்து, 1984-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். எந்தக் கட்டடத்தை இடிக்க இருந்தார்களோ, அதே கட்டடத்தில்தான் அந்த வழக்கு விசாரணையும் நடந்தது! முடிவில் கட்டடம் தப்பியது.

வழக்குப் போட்டவர்கள் சும்மா இருந்திருந்தால், அங்கே இன்று இன்னொரு மாடிக் கட்டடம் நின்றிருக்கும். நாலு வருடம் கல்லும் செங்கல்லும் சுமந்தவர்களின் உழைப்பு மண்ணோடு போயிருக்கும். பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த தமிழர்கள் அந்த வழியாகப் போகும்போது, ஒரு நிமிடம் நின்று அதைப் பார்க்கலாம். இந்த ஊரை உருவாக்கியதில் நம்மவருக்கும் பங்கு உண்டு என்பதற்கு அந்தச் சிவப்பு மாளிகை சாட்சி.