காமராசர்

கு. காமராசர் (ஜூலை 15, 1903 – அக்டோபர் 2, 1975) தமிழக அரசியல் தலைவரும் விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். ஏழைக் குழந்தைகளின் பள்ளிக் கல்விக்காகவும் மதிய உணவுத் திட்டத்திற்காகவும் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமை

விருதுநகரில் குமாரசாமி, சிவகாமி அம்மாள் இணையருக்குப் பிறந்தார். நாகம்மாள் இவரது தங்கை. ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாயார் தம் நகைகளை விற்று, அப்பணத்திற்கு வந்த வட்டியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். இவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, ஊரார் வீடுதோறும் அளித்த பிடி அரிசியின் உதவியுடன் இலவசக் கல்வி வழங்கியது. எனினும் வறுமையால் படிப்பை இடையில் நிறுத்தி, மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அரசியல்

1930 இல் உப்பு சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். 1937 இல் சாத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940 இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். 1949 இல் இராசபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா மாகாணத்தின் முதல்வராக இவரது ஆதரவு துணைநின்றது. 1952 பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வெற்றி பெற்றார். 1954 இல் முதலமைச்சரான பின் குடியாத்தம் இடைத்தேர்தல் வழியாகச் சட்டமன்ற உறுப்பினரானார்.

மதிய உணவுத் திட்டம்

முதலமைச்சரானதும், 1953 இல் இராசாசி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். சிற்றூர்களில் புதிய தொடக்கப்பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆயினும், கட்டணம் இல்லாவிடினும் ஏழைச் சிறுவர்கள் பள்ளிக்கு வரவில்லை. ஆடு மாடு மேய்த்தும் கூலி வேலை செய்தும் அவர்கள் ஈட்டிய சிறு வருவாய் குடும்பத்திற்குத் தேவைப்பட்டதே காரணம். பள்ளியில் ஒருவேளை உணவு அளித்தால் அக்குடும்பத்தின் சுமை குறையும், குழந்தையும் படிக்கும் என்பதே திட்டத்தின் அடிப்படை.

சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் 1920 இலேயே பிட்டி தியாகராயர் காலத்தில் மதிய உணவு வழங்கப்பட்டிருந்தது. காமராசர் 1956 இல் இதனை மாநிலம் தழுவிய திட்டமாக்கினார். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இதில் முக்கியப் பங்காற்றினார். தொடக்கத்தில் ஊர்மக்களின் நன்கொடையால் உணவு சமைக்கப்பட்டது. பின்னர்ச் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்றது. சீருடை வழங்குதலும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இக்காலத்தில் நடைபெற்றன.

இத்திட்டம் பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு மட்டுமே பயன்பட்டது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும், பள்ளிகள் இல்லாத மலைக்குடியிருப்புகளும் இதன் எல்லைக்கு வெளியே இருந்தனர். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியர் பழங்குடியினர் வாழ்கின்றனர். இத்தகைய மக்களுக்கு உணவைப் போலவே அருகில் ஒரு பள்ளியும் தேவையாயிருந்தது.

பிற்காலம்

1963 இல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் துறந்து, அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். 1967 இல் விருதுநகர் தொகுதியில் தோல்வியுற்றார். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவிலில் வென்றார். 1975 இல் சென்னையில் காலமானார். திருமணம் செய்துகொள்ளாத இவர், தமக்கெனச் சொத்து எதுவும் சேர்க்கவில்லை.

மறைவுக்குப் பின்

1976 இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1982 இல் ம. கோ. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளையும் சேர்த்தது. 2022 இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இவரது பிறந்தநாள் தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது.